ஆர்ட் நூவோவா, ஆர்ட் டெக்கோவா, பௌஹவுஸா? பார்த்துப் பிரித்தறியும் வழி

பழைய மரச்சாமான் விற்கும் கடைக்குப் போனால் ஒரு பெயர் திரும்பத் திரும்பக் காதில் விழும். கொஞ்சம் வளைவு இருந்தாலும் 'ஆர்ட் டெக்கோ', கொஞ்சம் கோணம் இருந்தாலும் 'ஆர்ட் டெக்கோ'. இணையத்தில் தேடினால் வேறு கதை. வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, சிவப்பு நீலம் மஞ்சளில் வட்டமும் சதுரமும் போட்ட போஸ்டர் என எல்லாவற்றுக்கும் 'பௌஹவுஸ்' என்று பெயர். டிசைன் படிக்கத் தொடங்குபவர்களும், வீடு கட்டும்போது "இந்த மாதிரி வேணும்" என்று படத்தோடு வருபவர்களும் இந்த இரண்டு பெயர்களுக்குள்ளேயே சுற்றி வருகிறார்கள். பெயர் மாறிப்போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 1890க்கும் 1940க்கும் இடையில் ஐரோப்பாவில் உருவான இந்தப் பாணிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டே வளர்ந்தவை. எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் அந்தச் சண்டை நமக்குக் கேட்காமலே போய்விடும். அதுதான் நஷ்டம்.

எதைப் பற்றிய சண்டை? 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கிலாந்தின் ஆலைகள் பூவையும் இலையையும் அச்சில் வார்த்துத் தள்ள ஆரம்பித்துவிட்டன. ஒரு கொல்லர் நாள்கணக்கில் அடித்துச் செய்யும் வேலைப்பாடு, வார்ப்பிரும்பில் மலிவாக எத்தனை வேண்டுமானாலும் கிடைத்தது. அடுப்பிலிருந்து விளக்குக் கம்பம் வரை எங்கும் பூவேலை. அதில் உயிரே இல்லை என்று வில்லியம் மாரிஸ் போன்றவர்கள் கொதித்தார்கள். கைத்தொழிலுக்குத் திரும்புவோம் என்றார்கள். அந்த ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது அது கிளப்பிவிட்ட கேள்வி: யந்திரம் வந்துவிட்டது, இனி அலங்காரத்தை என்ன செய்வது?

பின்னால் வந்த ஒவ்வொரு பாணியும் இதற்கு ஒரு பதில் சொன்னது. ஒரு நாற்காலியோ கதவோ போஸ்டரோ கையில் கிடைத்தால், அதில் எந்தப் பதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான படிகளை நான் பார்க்கும் வரிசையிலேயே தருகிறேன்.

படி 1: கோட்டைப் பாருங்கள்

பொருளின் பெயர், ஆண்டு, விலைச்சீட்டு எதையும் பார்க்காதீர்கள். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணால் அதன் கூடவே போங்கள். அது நேராகப் போகிறதா, வளைகிறதா? வளைந்தால், காம்பஸ் வைத்து வரைந்தது போன்ற வளைவா, கொடி வளைவது போன்ற வளைவா?

கொடி போல வளைந்தால், அதாவது மெல்லிசாகத் தொடங்கி, தடித்து, திடீரென்று திரும்பித் தன்மேலேயே சுருண்டால், நீங்கள் ஆர்ட் நூவோவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். இந்தக் கோட்டுக்குச் 'சாட்டைக் கோடு' என்றே பெயர் உண்டு. சாட்டையைச் சொடுக்கும் கணத்தில் அதன் நுனி எப்படித் துள்ளித் திரும்புமோ அந்த வளைவு.

இதைப் பழக நல்ல இடம் பாரிஸ் மெட்ரோவின் வாசல்கள். எக்தர் கிமார் வடிவமைத்தவை. 1900இல் முதல் பாதை திறந்தபோது வைக்கத் தொடங்கினார்கள். எண்பதுக்கும் மேற்பட்டவை இன்னும் அங்கேயே நிற்கின்றன. படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு பச்சைத் தண்டுகள் நடைபாதையிலிருந்து முளைத்து மேலே போய், தலை கவிழ்ந்து, நுனியில் மொட்டு போல ஒரு செம்மஞ்சள் விளக்கைப் பிடித்திருக்கும். தண்டில் கணுக்கள் இருக்கும். ஆனால் எந்தச் செடி என்று கேட்டால் சொல்ல முடியாது. கிமார் ஒரு பூவைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கவில்லை. செடி வளரும் விதத்தை எடுத்துக்கொண்டு கம்பத்தையே வளர வைத்தார். இன்னொன்றும் கவனியுங்கள். இதெல்லாம் வார்ப்பிரும்பு. ஒரே அச்சில் வார்த்த துண்டுகளை வேறு வேறு நிலையங்களில் சேர்த்துச் சேர்த்து மாட்டினார்கள். ஆர்ட் நூவோ யந்திரத்துக்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வாசல்களைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்து, அந்தக் கோடு ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தாவுகிறதா என்று பாருங்கள். பிரஸ்ஸல்ஸில் விக்டர் ஓர்தா 1893இல் கட்டிய தாசெல் வீட்டின் மாடிப்படி இதற்குப் பாடம் மாதிரி இருக்கிறது. இரும்புத் தூணின் உச்சியில் பிரியும் கொடி, சுவரில் வண்ணமாகத் தொடர்கிறது, கைப்பிடிக் கிராதியில் இரும்பாக இறங்குகிறது, தரையில் மொசைக்காக ஓடுகிறது. இரும்பு, சுண்ணாம்பு, கல் மூன்றும் ஒரே கோட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆர்ட் நூவோவின் பதில் இதுதான்: அலங்காரத்தைப் பொருளின் மேல் ஒட்டாதே, பொருளே அலங்காரமாக வளரட்டும்.

ஊருக்கு ஊர் இதன் பெயர் மாறும். ஜெர்மனியில் யூகெண்ட்ஷ்டில், இத்தாலியில் லிபர்ட்டி, பார்சிலோனாவில் மாடர்னிஸ்மே. கவுடி கட்டிய காசா பட்யோவும் காசா மிலாவும் இந்தக் குடும்பம்தான், கொஞ்சம் தனி வழியில் போன பிள்ளை. பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். கோடு பிடிபட்டுவிட்டால் பெயர் தானாக வந்துவிடும்.

படி 2: கோடு நேராக இருந்தால், சதுரத்தைத் தேடுங்கள்

அதே ஆண்டுகளில் கிளாஸ்கோவிலும் வியன்னாவிலும் கொடியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். சார்ல்ஸ் ரென்னி மாக்கின்டாஷ் செய்த நாற்காலிகளின் முதுகு ஆள் உயரத்துக்கு எழும்பும். ஏணிப் படிகள் போலக் குறுக்குச் சட்டங்கள், மேலே சின்னச் சதுரக் கட்டங்கள். அதே மனிதர் ஒரு ரோஜாவையும் வரைவார். ஆனால் நேர்கோடுகள் நிறைந்த பரப்பில் ஒற்றை ரோஜா, அவ்வளவுதான்.

வியன்னாவில் 1897இல் ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் பழைய கலைஞர் சங்கத்தை விட்டு வெளியேறினார்கள்; அதனால் அவர்களுக்கு 'பிரிந்தவர்கள்' என்ற பொருளில் செசஷன் என்று பெயர். மறு ஆண்டே கட்டடக் கலைஞர் ஓல்ப்ரிஹ் அவர்களுக்கு ஒரு கண்காட்சிக் கூடம் கட்டினார். வெள்ளைப் பெட்டி போன்ற சுவர்கள். அதன் தலையில் தங்க நிறத்தில் பின்னிய இலைப்பந்து. பெட்டியும் கொடியும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. 1903இல் யோசெஃப் ஹாஃப்மனும் கோலமன் மோசரும் தொடங்கிய வீனர் வெர்க்ஷ்டெட்டே பட்டறையில் கொடி ஏறக்குறையக் காணாமல் போனது. ஹாஃப்மன் செய்த பூக்கூடையைப் பார்த்தால் தகட்டில் வரிசையாகச் சதுரத் துளைகள், வேறொன்றுமில்லை. சதுரத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மோகம் என்பதால் 'சதுர ஹாஃப்மன்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

எப்படி அடையாளம் காண்பது? கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், விளிம்பைச் சுற்றி ஓடும் ஒரு சின்ன வரிசை, நிறைய வெற்றிடம். அலங்காரம் இருக்கிறது, ஆனால் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்கிறது.

படி 3: அலங்காரமே தெரியவில்லையா? எதனால் ஆனது என்று பாருங்கள்

அதே வியன்னாவில் ஒருவர், இந்தச் சதுரம்கூட வேண்டாம் என்றார். அடால்ஃப் லோஸ். அரண்மனைக்கு நேர் எதிரே 1911இல் அவர் முடித்த கட்டடத்தின் மேல் மாடிகளில் ஜன்னல்களுக்கு மேலே வளைவும் இல்லை, வேலைப்பாடும் இல்லை. ஊரே கொந்தளித்தது, 'புருவமில்லாத வீடு' என்றார்கள். கடைசியில் ஜன்னல்களில் பூத்தொட்டி வைத்த பிறகுதான் பிரச்சினை அடங்கியது.

புதிதாகப் பார்க்க வருபவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள்: வெறுமையாக இருந்தால் எளிமை, எளிமையாக இருந்தால் மலிவு என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தைப் பாருங்கள். பச்சை ரேகை ஓடும் விலையுயர்ந்த சலவைக்கல் பாளம் பாளமாக. லோஸ் செதுக்கலைத்தான் எடுத்தார், செழுமையை எடுக்கவில்லை. கல்லின் ரேகையே போதும் என்பது அவர் கணக்கு. எனவே பூவேலை இல்லாத ஒரு பொருளைப் பார்த்தால் அடுத்த கேள்வி: இது எதனால் ஆனது, அதை மறைக்கிறதா காட்டுகிறதா?

படி 4: மூட்டு எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள்

என் கணக்கில் இதுதான் முக்கியமான படி. பூவேலை போனபின் வடிவமைப்பாளரின் கையெழுத்து எங்கே இருக்கும்? இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில். நம் ஆசாரிகளிடம் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள். ஒரு மேஜையைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே குனிந்து அதன் பொருத்தைப் பார்ப்பவர்கள் அவர்கள்.

இரண்டு நாற்காலிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஹாலந்தின் உட்ரெக்ட் நகரத்தில் கெர்ரிட் ரீட்ஃபெல்ட் செய்தது. தச்சர் மகன், அப்பாவின் பட்டறையில் வேலை பழகியவர். 1918 வாக்கில் வண்ணம் பூசாமல் முதலில் செய்தார், 1923 வாக்கில் வண்ணம் வந்தது. முதுகுப் பலகை சிவப்பு, இருக்கைப் பலகை நீலம், சட்டங்கள் கறுப்பு, சட்டங்களின் வெட்டு முனை மட்டும் மஞ்சள். மூட்டைப் பாருங்கள். சாதாரண நாற்காலியில் ஒரு சட்டத்தில் துளை போட்டு இன்னொன்றின் முனையை உள்ளே செருகுவார்கள். ரீட்ஃபெல்ட் அப்படிச் செய்யவில்லை. நிற்கும் சட்டம், குறுக்கே போகும் சட்டம், முன்பின்னாகப் போகும் சட்டம் மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தாண்டிப் போகின்றன. உள்ளே மறைவாக ஒரு மரமுளை பிடித்திருக்கிறது. எந்தச் சட்டமும் மூட்டோடு நிற்பதில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் வெட்டுப்படுகிறது. அந்த வெட்டு முனையில்தான் மஞ்சள். 'நான் இங்கே முடியவில்லை, இன்னும் போகலாம், இங்கே வெட்டினார்கள்' என்று சட்டம் சொல்வது போல இருக்கும்.

இதுதான் டி ஸ்டெய்ல். 1917இல் தேயோ வான் டூஸ்பர்க் அதே பெயரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். ஓவியர் மோன்ட்ரியான் அதில் எழுதினார். பொருளைத் தளங்களாகவும் கோடுகளாகவும் பிரித்துவிடு, அவை ஒன்றையொன்று தொடட்டும், கரைந்து போக வேண்டாம் என்பது அவர்கள் பதில். 1924இல் உட்ரெக்டில் ரீட்ஃபெல்ட் கட்டிய ஷ்ரோடர் வீட்டைப் பார்த்தால் நாற்காலியின் அதே மூட்டு வீடளவுக்குப் பெரிதாகி நிற்பது தெரியும். சுவர்களும் பால்கனிகளும் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன.

இரண்டாவது நாற்காலி, ஜெர்மனியில் பௌஹவுஸ் பள்ளியில் மார்செல் ப்ராயர் 1925இல் செய்தது. சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது: இந்த எஃகுக் குழாயை மக்ரோனி போல வளைக்க முடிகிறதென்றால் நாற்காலியையும் வளைக்கலாமே? பளபளக்கும் குழாய் தரையில் சறுக்குக் கட்டை போல ஓடி, மேலே ஏறி, கையாகி, முதுகாகித் திரும்பி வரும். நடுவில் துணிப்பட்டைகள் இழுத்துக் கட்டியிருக்கும். இங்கே மூட்டைத் தேடினால் அதிகம் கிடைக்காது. குழாய் வளைந்தே போய்விடுகிறது. சேரும் இடத்தில் போல்ட் இருக்கும், அதை மறைத்திருக்க மாட்டார்கள். வெளியே தெரியும்படி, கழற்றி மாட்டும்படி.

இரண்டு நாற்காலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று இடத்தை எப்படிப் பிரிப்பது என்று யோசிக்கிறது. மற்றது இதை ஆயிரம் செய்ய முடியுமா என்று யோசிக்கிறது.

படி 5: பௌஹவுஸ் என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம்

பௌஹவுஸ் ஒரு பள்ளி. வால்டர் க்ரோப்பியஸ் 1919இல் வைமார் நகரத்தில் தொடங்கினார், 1925இல் டெஸ்ஸாவுக்கு மாறியது, 1932இல் பெர்லின், 1933இல் நாஜி அரசின் நெருக்கடியில் மூடப்பட்டது. மொத்தம் பதினான்கு ஆண்டுகள், மூன்று ஊர்கள், மூன்று தலைவர்கள். க்ரோப்பியஸுக்குப் பிறகு ஹான்னஸ் மேயர், அவருக்குப் பிறகு மீஸ் வான் டெர் ரோ. இவ்வளவு மாறிய இடத்திலிருந்து ஒரே பாணி வந்திருக்க முடியாது. 1919இல் வெளியிட்ட அறிக்கையின் அட்டையில் இருப்பது லயோனல் ஃபைனிங்கர் மரத்தில் செதுக்கிய தேவாலயப் படம்; எல்லோரும் கைத்தொழிலுக்குத் திரும்புவோம் என்பதுதான் அன்றைய குரல். எஃகும் கண்ணாடியும் பிறகுதான் வந்தன.

வந்த பிறகும் ஒரு முரண் இருந்தது. மரியான் பிராண்ட் 1924இல் செய்த தேநீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம்தான், உள்ளங்கையில் நிற்கும். பாதிக் கோளமாக உடல். அடியில் கூட்டல் குறி போல இரண்டு தகடுகள். மேலே நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளிவைத்த வட்ட மூடி, ஊற்றும்போது சிந்தாமல் இருப்பதற்காக. கருங்காலியில் அரைவட்டக் கைப்பிடி. ஏன் இவ்வளவு சின்னது? இதில் இறக்குவது தேயிலையின் கெட்டிச் சாறு. நாம் டிகாக்ஷன் இறக்கிப் பால் கலந்துகொள்வது போல, அவர்கள் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி வெந்நீர் கலந்துகொள்வார்கள். வடிவத்தைப் பார்த்தால் அச்சு யந்திரத்தில் அடித்தது போல இருக்கும். உண்மையில் பட்டறையில் கையால் தட்டிச் செய்தது. யந்திரத்துக்கான வடிவத்தைக் கையால் ஒத்திகை பார்த்தார்கள் என்று சொல்லலாம். பௌஹவுஸிலிருந்து வந்த பொருட்களில் நிஜமாக நன்றாக விற்றுத் தீர்ந்தது எது தெரியுமா? சுவரில் ஒட்டும் வால்பேப்பர்.

ஆகவே, 'பௌஹவுஸ்' என்று சொல்ல மூன்று கேள்விகளாவது கேட்டுக்கொள்ளுங்கள். வடிவம் வட்டம், கோளம், உருளை என்று அடிப்படைக்கு இறங்கியிருக்கிறதா? ஒவ்வொரு துண்டும் ஏதாவது வேலை செய்கிறதா? அந்தப் பள்ளியில் படித்த, கற்பித்த யாராவது செய்ததா? மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் நவீனம் என்று சொல்லுங்கள், போதும். வெள்ளை வீடுகளுக்குப் பெயர்போன கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே பௌஹவுஸில் கற்பித்ததில்லை. தட்டைக் கூரை வெள்ளை வீடுகளுக்கு 'இன்டர்நேஷனல் ஸ்டைல்' என்ற பெயர் 1932இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கண்காட்சியோடு பரவியது. அந்தப் பெயரைப் பயன்படுத்தினால் தவறு குறையும்.

படி 6: பளபளப்பும் சமச்சீரும் சேர்ந்து வந்தால் ஆர்ட் டெக்கோ

1925இல் பாரிஸில் நவீன அலங்காரக் கலைகளுக்கும் தொழில் கலைகளுக்குமாக ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதன் பிரெஞ்சுப் பெயரிலிருந்த இரண்டு சொற்களைச் சுருக்கித்தான் பிற்காலத்தில் 'ஆர்ட் டெக்கோ' என்றார்கள். அந்தப் பெயர் பரவலானது 1960களில். அதாவது அந்தப் பாணியில் வேலை செய்தவர்கள் தங்களை ஆர்ட் டெக்கோ கலைஞர்கள் என்று சொல்லிக்கொண்டதில்லை.

அந்தக் கண்காட்சியில் மரச்சாமான் வடிவமைப்பாளர் ரூல்மன் வைத்திருந்த மாளிகைக் கூடத்தில் மக்காசர் கருங்காலியும் தந்தமுமாகச் செல்வம் கொட்டிக் கிடந்தது. அதே கண்காட்சியில் லெ கார்பூசியே, தொழிற்சாலையில் செய்த சாதாரண நாற்காலிகளைப் போட்டு, அலங்காரமே இல்லாத ஒரு வீட்டைக் கட்டி நிறுத்தினார். ஒரே மைதானத்தில் இரண்டு பதில்கள். ஒன்று அலங்காரம் இருக்கட்டும், அதை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி கூர்மையாக்குவோம் என்றது. மற்றது எடுத்தே எறி என்றது. இந்த இரண்டையும் இன்று ஒரே அலமாரியில் வைத்து 'நவீனம்' என்கிறோம்.

ஆர்ட் டெக்கோவின் அடையாளங்களைக் கண் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். படிப்படியாகக் குறுகி மேலே போகும் வடிவம், விசிறி போல விரியும் சூரியக் கதிர், இடிமின்னல் போல முறிந்து முறிந்து போகும் கோடுகள், உறைந்து நின்ற நீரூற்று, பாயும் மான். 1922இல் துட்டன்காமன் கல்லறை திறந்த பிறகு எகிப்தியத் தாமரையும் சேர்ந்துகொண்டது. எல்லாம் நடுக்கோட்டின் இரு பக்கமும் சமமாக நிற்கும். எதனால் செய்தது என்பதும் முக்கியம்: அரக்குப் பூச்சு, குரோம், திருக்கைத் தோல், கண்ணாடி. கருங்காலியும் தந்தமும் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால், காலனிகளிலிருந்து போன சரக்கு இந்தச் செழுமைக்குப் பின்னால் இருப்பது தெரியும். நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம், 1930, உயரம் 319 மீட்டர்: உச்சியில் துருப்பிடிக்காத எஃகில் அடுக்கடுக்காக வளைவுகள், அவற்றுக்குள் முக்கோண ஜன்னல்கள், மூலைகளில் அந்தக் கம்பெனியின் கார் அலங்காரங்களைப் பார்த்துச் செய்த கழுகுத் தலைகள்.

1929க்குப் பின் பணம் வற்றியபோது தந்தமும் கருங்காலியும் போய், வளைந்த மூலைகளும் ஓரமாக ஓடும் மூன்று கிடைக்கோடுகளும் வந்தன. கப்பலில் இருப்பது போன்ற வட்ட ஜன்னலும் குழாய்க் கைப்பிடியும் பார்த்தால் அது இந்தப் பிந்தைய கிளை, ஸ்ட்ரீம்லைன். ரேடியோ பெட்டி முதல் பென்சில் சீவி வரை எல்லாம் காற்றைக் கிழித்துப் போவது போல வடிவமெடுத்த காலம் அது.

படி 7: எழுத்து இருந்தால் அதுவே சாட்சி

போஸ்டரிலோ கட்டடத்தின் நெற்றியிலோ எழுத்து இருந்தால் வேலை பாதி முடிந்தது. எழுத்தே கொடி போலத் தழைந்தால் ஆர்ட் நூவோ. மெட்ரோ வாசலின் பெயர்ப்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் தடித்தும் ஒரு கால் ஒட்டியும், நடுக்கோடு அளவுக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தால் ஆர்ட் டெக்கோ. பௌஹவுஸில் ஹெர்பெர்ட் பேயர் 1925இல் பெரிய எழுத்துகளையே தூக்கிவிட்டு, சிறிய எழுத்துகளை மட்டும் வட்டமும் நேர்கோடுமாகக் கட்டினார். பேசும்போது பெரிய எழுத்தில் பேசுவதில்லையே என்பது வாதம். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கும் ஜெர்மன் மொழியில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது, அந்த வேறுபாடே இல்லாத தமிழில் எழுதும் நமக்குச் சட்டென்று உறைக்காது.

கணினியில் 'பௌஹவுஸ்' என்ற பெயரில் கிடைக்கும் எழுத்துரு 1975இல் வந்தது. ஃபியூச்சரா என்ற எழுத்துரு 1927 தான். ஆனால் அதைச் செய்த பால் ரென்னர் பௌஹவுஸ்காரர் இல்லை.

சிவப்பும் கறுப்பும், குறுக்காகச் சாய்ந்த எழுத்து, வெட்டி ஒட்டிய புகைப்படம் என்றிருந்தால் ரஷ்யக் கன்ஸ்ட்ரக்டிவிஸத்தின் பக்கம் போங்கள். லிஸிட்ஸ்கியின் 1919 போஸ்டரில் சிவப்பு ஆப்பு வெள்ளை வட்டத்தைக் குத்தித் துளைக்கிறது. அந்தச் சாய்வு உள்நாட்டுப் போரின் வேகம். சாய்கோடு என்பது அந்த நாட்களில் சின்ன விஷயமில்லை. வான் டூஸ்பர்க் தன் ஓவியத்தில் சாய்கோட்டைக் கொண்டுவந்தபோது மோன்ட்ரியானோடு உறவு முறிந்தது. கிடையும் நிமிர்வும் தவிர வேறொன்றும் கூடாது என்பதில் மோன்ட்ரியான் அவ்வளவு உறுதி.

சிவப்பு நீலம் மஞ்சள் போஸ்டரில் டி ஸ்டெய்லையும் பௌஹவுஸையும் பிரிக்க இதே வழி உதவும். வட்டமும் முக்கோணமும் இருந்தால் பௌஹவுஸ் பக்கம். செவ்வகங்கள் மட்டும் இருந்தால் டி ஸ்டெய்ல் பக்கம். முழுக்க நம்ப வேண்டாம். வான் டூஸ்பர்க் 1921இல் வைமாருக்கே போய், பௌஹவுஸுக்கு வெளியே வகுப்பு நடத்தினார், அங்கிருந்த மாணவர்களும் போய்க் கேட்டார்கள். கலந்துதான் இருக்கும்.

படி 8: ஆண்டைக் கடைசியில் பாருங்கள்

இவ்வளவும் பார்த்தபின் ஆண்டைப் பாருங்கள். முதலிலேயே பார்த்தால் கண் சோம்பேறியாகிவிடும். ஆனால் சில இடங்களில் ஆண்டு இல்லாமல் தீராது. பிரஸ்ஸல்ஸில் ஹாஃப்மன் கட்டிய ஸ்டோக்லே மாளிகையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆர்ட் டெக்கோ என்பார்கள். சலவைக்கல் பாளங்கள், படிப்படியாக ஏறும் கோபுரம், விளிம்பெல்லாம் வெண்கலப் பட்டை. முடிந்த ஆண்டு 1911, பாரிஸ் கண்காட்சிக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு. ஆர்ட் டெக்கோ தன் சொத்தில் ஒரு பங்கை வியன்னாவிலிருந்து எடுத்துக்கொண்டது என்று அப்போது புரியும்.

இன்னொரு எச்சரிக்கை, வாங்குபவர்களுக்கு. ப்ராயர் நாற்காலி, வாகன்ஃபெல்டின் கண்ணாடி விளக்கு போன்றவற்றின் மறுபதிப்புகளும் நகல்களும் உலகம் முழுக்கக் கிடைக்கின்றன. பாணி சரியாக இருப்பதும் பொருள் பழையதாக இருப்பதும் வேறு வேறு. குனிந்து அடியைப் பாருங்கள். திருகாணி, வெல்டிங், தேய்மானம் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

படி 9: பக்கத்திலேயே பழகுங்கள்

பாரிஸுக்கும் வியன்னாவுக்கும் போகும்வரை காத்திருக்க வேண்டாம். பௌஹவுஸ் கலைஞர்களின் ஓவியங்கள் 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவுக்கு வந்து, கண்காட்சியில் இந்திய ஓவியர்களின் படங்களோடு சேர்ந்து தொங்கின. மும்பையின் ஓவல் மைதானமும் மரைன் டிரைவும் ஆர்ட் டெக்கோ வரிசைகள். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. சென்னையில் பாரிமுனையின் டேர் ஹவுஸைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். மூலையை எப்படி வளைத்திருக்கிறார்கள், நடுப்பகுதியை எப்படி உயர்த்தியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடுகளின் திண்ணைச் சுவரில் புடைப்பான பூக்களோடு பளபளக்கும் ஜப்பானிய டைல்ஸ் இருந்தால், ஒரு பூவின் தண்டைக் கண்ணால் தொடருங்கள். சாட்டைக் கோடு எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருக்கிறது என்று தெரியும்.

பிறகு புதுச்சேரிக்குப் போனால் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1930களின் பிற்பாதியில் வேலை தொடங்கியது. கூடவே இருந்து கட்டியவர்களில் ஒருவர், பின்னாளில் மரச்சாமான் கலைஞராகப் பெயர் பெற்ற ஜார்ஜ் நாகஷிமா. வெறும் கான்கிரீட். முகப்பு முழுக்க ஜன்னலுக்குப் பதிலாகக் கிடைமட்டப் பலகைகள், காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்பத் திறந்து மூடும்படி. பூவேலை எங்கேயும் இல்லை. கையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு மூன்றே வரி எழுதுங்கள்: கோடு எப்படிப் போகிறது, மூட்டு எங்கே இருக்கிறது, அலங்காரத்துக்கு இந்தக் கட்டடம் சொல்லும் பதில் என்ன. பாணியின் பெயரை நான்காவது வரிக்கு விட்டுவையுங்கள்.